தம்பிக்கும் சேர்த்து

பெரியவர் மூன்றாவது சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“படம் மாட்டப் போற மனுஷனுக்கு எதுக்கு இத்தனை அலங்காரம்? சுத்தியல் உங்களைப் பார்த்து மயங்கிடப் போகுதா?”

“சாயங்காலம் திறப்பு விழா இருக்குல்ல?”

“அது சாயங்காலம். இப்ப மணி ஒன்பது.”

அலங்காரம் சுத்தியலுக்கும் இல்லை, விழாவுக்கும் இல்லை, தம்பிக்கு. ஆறு மாதமாக அவர் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும்போது நொந்துபோனவர் மாதிரித் தெரியக்கூடாது என்று ஒரு வீம்பு.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அண்ணன் தம்பி இருவருமே ஓவியர்கள். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் பெரியவர். இருபது வருடங்களாக இருவரும் ஒரே கேன்வாஸில் வரைந்தார்கள், கீழே ஒரே கையெழுத்துப் போட்டார்கள். சுவர், வானம், மரம், வெயில் பெரியவருடையது. அந்த வெயிலில் நிற்கிற மனிதர்கள் சின்னவனுடையவர்கள். இப்படியே பேரும் புகழும் வந்தது. ஒருநாள் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து, “யார் எதை வரைவீங்க?” என்று கேட்டாள். சின்னவன் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

“எல்லாம் ஒண்ணாத்தான். தம்பி எனக்கு ஒத்தாசையா இருக்கான்.”

ஒத்தாசை! இருபது வருட உழைப்புக்கு ஒரே சொல். சின்னவன் அன்றைக்கே தூரிகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியேறினான். டயர் கடை மாடியில் ஓர் அறை பிடித்துக்கொண்டான் என்று மட்டும் காதில் விழுந்தது. ‘தானா வருவான்’ என்று அண்ணன் இருந்தார். ‘ஒரு போன் வரும்’ என்று தம்பி இருந்தானோ என்னவோ, யாருக்குத் தெரியும்?

ஆனால் இருவரின் ஓவியக் கண்காட்சிக்குப் போன வருடமே தேதி குறித்தாகிவிட்டது. கேலரி நடத்தும் மேடம் அசைந்துகொடுக்கவில்லை. “சண்டை உங்க வீட்டோட. தேதி என்னோடது” என்று சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டார். இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி.

காரில் போகும்போது பெரியவர் உதட்டுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ‘நான் அன்னிக்குச் சொன்னது தப்புடா.’ அவ்வளவுதான். சின்ன வாக்கியம். தனியாகச் சொல்லும்போது நன்றாகத்தான் வந்தது.

*

கேலரிக்குள் புது பெயின்ட் வாசனை. ஏணி மேல் நின்ற மின்சாரக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“தம்பி வந்தாச்சா?” பெரியவர் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“நேத்தே வந்து மாட்டிட்டுப் போயிட்டார் சார்” என்றார் மேடம். “சாயங்காலம் வருவார்.”

மூன்று சட்டை மாற்றியது வீண்.

அவர் தன் படங்களை மாட்டத் தொடங்கினார். பிடித்துக்கொள்ள மனைவி, கயிறு நீளம் பார்க்க கேலரிப் பையன்கள் இருவர். ஒன்பது படங்கள் அவர் கைக்குப் பழகிய படங்கள்: மழை விட்ட தெரு, பூட்டிய பள்ளிக்கூடம், சாயங்கால வெயில் விழும் மாடிப்படி. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவதுதான் தொண்டையில் முள். பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு பெண். சின்னவன் இல்லாவிட்டால் தன்னால் மனிதர்களை வரைய முடியாதா என்ற ரோஷத்தில் வரைந்தது. நிறுத்தம் இருந்தது, நிழல் இருந்தது, காத்திருத்தல்கூட இருந்தது. பெண்தான் இல்லை. யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மேடம் அந்தப் படத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார். “இதை அந்த மூலையில மாட்டலாம் சார். அங்க வெளிச்சம் நல்லா விழும்.”

வெளிச்சம் அங்கே நன்றாக விழாது என்று இருவருக்குமே தெரியும். பெரியவர், “சரி” என்றார்.

வேலை முடிந்தபின் மனைவியைக் காணவில்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

“இங்க வாங்களேன்.”

“எனக்கு வேலை இருக்கு.”

“ஒண்ணும் இல்ல. வாங்க.”

போனார். போய் நின்றவர் நின்றபடியே நின்றார்.

சின்னவனுடைய மனிதர்களை அவருக்குத் தெரியும். இருபது வருடப் பழக்கம். அவர் எதிர்பார்க்காதது அவர்களுக்குப் பின்னால் இருந்தது. சுவர்கள். தம்பி போட்ட சுவர்கள். பெரியவர் ஒரு சுவரை வரைய ஏழெட்டு மெல்லிய பூச்சுப் பூசுவார், ஒவ்வொன்றும் காயக் காத்திருப்பார். இவன் ஒரே பூச்சில் முடித்திருந்தான். வண்ணம் வழிந்த இடத்தை வழிந்தபடியே விட்டிருந்தான். ஸ்டூடியோவில் இப்படிச் செய்திருந்தால், ‘என்னடா, பாதியில விட்டுட்டே?’ என்று வாங்கித் திருத்தியிருப்பார். இங்கே அதைத் திருத்த முடியாது. தொட்டால் கெட்டுவிடும்.

நடுவில் ஒரு பெரிய படம். ஆரஞ்சுச் சுவர் முன்னால் ஒரு கிழவர் செருப்பு வார் அறுந்து குனிந்து நிற்கிறார்.

ஆரஞ்சு. என்றோ ஒருநாள், “அண்ணா, இந்தச் சுவரை ஆரஞ்சுல போட்டா?” என்று சின்னவன் கேட்டதும், “நம்ம படத்துல ஆரஞ்சா? சும்மா இருடா” என்று தான் சிரித்ததும் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் அவன் கேட்கவேயில்லை. ஏன் கேட்கவில்லை என்று இவரும் யோசிக்கவில்லை. எத்தனை தடவை இப்படி ‘சும்மா இரு’ என்று சொன்னோம்? அவருக்குக் கணக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

“நல்லா இருக்குல்ல?” என்றாள் மனைவி மெதுவாக.

“ம்.”

“உங்க ‘ம்’முக்கு என்ன அர்த்தம்?”

“நல்லா இருக்குன்னு அர்த்தம்.” பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்ததுபோல, “என்னோடதைவிட நல்லா இருக்கு” என்றார்.

அவள் அவர் கையைத் தொட்டாள். உடனே, பேச்சை மாற்றுவதற்கோ, உண்மையிலேயே உறுத்தியதாலோ, ஓரத்தில் இருந்த மூன்று படங்களைக் காட்டினாள். “இதைப் பாருங்க. மூணுலயும் ஒரே பொண்ணு. தலை துவட்டுறா, டீ ஆத்துறா, தூங்குறா. யாருங்க இவ?”

“யாராவது மாடலா இருக்கும்.”

“மாடல் தூங்கும்போது வாயைத் திறந்துக்கிட்டா தூங்குவா?” என்றாள் அவள்.

*

சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. கையில் ஜூஸ் தம்ளர், கழுத்தில் துண்டு மாதிரி ஒரு துணி, முகத்தில் ஒரு யோசனை என்று வழக்கமான கூட்டம். பெரியவர் பக்கத்தில் பழைய வாடிக்கையாளர்கள் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், இரண்டு படங்களில் ‘விற்றது’ என்பதற்கான சிவப்புப் பொட்டுகளும் ஒட்டப்பட்டன. ஆனால் வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போனார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை. இந்தப் பக்கம் கைகுலுக்கல், அந்தப் பக்கம் கூட்டம். பெரியவர் வித்தியாசம் தெரியாதவர் அல்ல.

சின்னவன் வந்தான். இளைத்திருந்தான், ஆனால் வாடியிருக்கவில்லை. கூட ஒரு பெண். தலை துவட்டிய பெண், டீ ஆற்றிய பெண், வாய் திறந்து தூங்கிய பெண்.

பெரியவர் வாக்கியத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். அதற்குள் அந்தப் பெண் பளிச்சென்று சிரித்தாள்.

“எப்படி இருக்கீங்க மாமா? அக்கா, நல்லா இருக்கீங்களா?”

பெரியவர் குழம்பினார். ஓவிய வட்டாரத்தில் இளம்பெண்கள் எல்லாம் அவரை ‘சார்’ என்பார்கள். அதிகம் உரிமை எடுத்துக்கொள்கிறவர்கள் ‘அண்ணா’ என்பார்கள். இது என்ன மாமா?

அவர் மனைவி குழம்பவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள், சின்னவனைப் பார்த்தாள்.

“எப்படா?” என்றாள்.

“போன மாசம் அண்ணி. ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம்.” சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“நேர்லதான் சொல்லிட்டியே” என்றாள் அண்ணி. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பையன். அவள் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீ என்னம்மா பண்றே?”

“பல் செட் செய்யற லேப்ல வேலை அக்கா. இவர் முன்பல்லு உடைஞ்சு வந்தார். நான்தான் செஞ்சு குடுத்தேன்.”

“சிரிச்சுக் காட்டுடா, பாக்கலாம்” என்றாள் அண்ணி. கண்ணில் நீரோடு கேட்டாள். சின்னவன் சிரித்தான். எந்தப் பல் புதிது என்று தெரியவில்லை.

அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டிருக்கலாம் பெரியவர். முடியவில்லை. தம்பிக்குப் பல் உடைந்தது அவருக்குத் தெரியாது. கல்யாணம் ஆனது தெரியாது. ‘பரவாயில்லை, முதலில் அந்த வாக்கியம்’ என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, “டேய்” என்று ஆரம்பித்தார்.

“சார்! ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க, நல்லதாப் போச்சு.” மேடம் வந்துவிட்டார். பக்கத்தில் வாட்டசாட்டமான ஒருவர், புதிதாக ஆஸ்பத்திரி கட்டுகிறவர்.

“எங்க வரவேற்புக் கூடத்துல ஒரு சுவர் இருக்கு, தரையிலேர்ந்து கூரை வரைக்கும்” என்றார் அவர். “நோயாளிங்க முதல்ல பாக்கறது அதைத்தான். உங்க பழைய படம் ஒண்ணு என் நண்பர் வீட்டுல இருக்கு. எனக்கு அது மாதிரி வேணும். ரெண்டு பேரும் சேர்ந்து வரையணும். முடியுமா?”

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பெரியவருக்கு என்னவெல்லாம் தோன்றியது! ஒரு பெரிய சுவர், இரண்டு ஏணி, பழைய வானொலிப் பெட்டி, நடுவில் டீ. வேலை ஆரம்பித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். மன்னிப்பெல்லாம்கூட வேண்டியதில்லை. கையும் கையும் பேசிக்கொள்ளும். ஆசைதான் அது. சத்தியமாக ஆசைதான்.

“ஓ, தாராளமா! ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணிடறோம்” என்றார் பெரியவர்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர் கையை நீட்டினார்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே அண்ணா” என்றான் சின்னவன்.

கோபமில்லாமல்தான் சொன்னான். பெரியவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ‘ஆமாம்டா, நீ சொல்லு’ என்று ஒதுங்கியிருக்கலாம். பழக்கம் யாரை விட்டது? அவர் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார்.

“இதுல நீ சொல்றதுக்கு என்னடா இருக்கு?”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தன் குரலே யாரோ பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பல் லேப் பெண் தன் கணவனை நெருங்கி நின்றாள்.

சின்னவன் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்து அண்ணனிடமே விட்டான். “மன்னிச்சுக்கங்க சார்” என்றான் ஆஸ்பத்திரிக்காரரிடம். “நான் இப்போ தனியாத்தான் வரையறேன்.”

ஆரஞ்சுச் சுவர்ப் படத்தின் முன்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போனான்.

*

கேலரியின் பின்னறையில் காலி மரப்பெட்டிகளும் சுற்றிவைத்த பிளாஸ்டிக் உறைகளும் கிடந்தன. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவரை மனைவி கண்டுபிடித்தாள்.

“இங்க என்ன பண்றீங்க?”

“கால் வலிக்குது.”

“வாய்தானே வலிக்கணும்?” என்றாள். பிறகு அவளுக்கே பாவமாகிவிட்டது. “அவங்க கிளம்பறாங்க. போய்ச் சொல்லிடுங்க. இன்னிக்கு விட்டா இன்னொரு ஆறு மாசம் ஓடிடும்.”

தெருவில் சின்னவன் ஸ்கூட்டரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பூக்கடைப் பக்கம் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பி இருவர் மட்டும்.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்புடா” என்றார் பெரியவர். ஒருவழியாக வெளியே வந்தது. “இன்னிக்குச் சொன்னதும் தப்புதான்.”

சின்னவன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

“உன் படங்களைப் பார்த்தேன். அந்த ஆரஞ்சு...” கேலரிப் பக்கம் கையைக் காட்டினார். “நான்தான் உனக்குக் குறுக்கே நின்னிருக்கேன். தெரியாம நின்னுட்டேன்.”

“தெரியும் அண்ணா. நீங்க தெரிஞ்சு நிக்கலைன்னு எனக்குத் தெரியும்.”

“கல்யாணத்துக்காவது கூப்பிட்டிருக்கலாம்ல?”

சின்னவன் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றான். “கூப்பிட்டிருந்தா நாள், இடம், யார் யாரைக் கூப்பிடறது, நான் என்ன சட்டை போடறதுன்னு எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணியிருப்பீங்க. நல்லாவும் பண்ணியிருப்பீங்க. அதான் அண்ணா பயம். அந்த ஒரு நாளாவது நாங்க பண்ணினதா இருக்கட்டும்னு தோணிச்சு.”

பெரியவர் ஓரடி முன்னால் வந்தார்.

“திரும்பி வந்துடுடா. ஸ்டூடியோவுல உன் பக்கத்தை நான் தொடக்கூட இல்ல. தனிக் கையெழுத்துப் போடு, ஆரஞ்சு போடு, என்ன வேணும்னாலும் போடு.”

“இதை அப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன்” என்றான் சின்னவன். “போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுத் தூங்கினேன் கொஞ்ச நாள்.”

“இப்போ?”

தம்பி கொஞ்சம் யோசித்தான். அண்ணன் மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. கிடைக்கவில்லை போலும்.

“இப்போ எனக்கு இப்படி இருக்கறது பிடிச்சுப்போச்சு அண்ணா.”

கோபம் என்றால் காலில் விழலாம், கெஞ்சலாம், காத்திருக்கலாம். என்றாவது தணியும். பிடித்துப்போய்விட்டது என்பவனை என்ன சொல்லித் திருப்புவது? பெரியவர் தலையை ஆட்டினார். “பார்த்துப் போ. ராத்திரி நேரம்” என்றார். மணி ஏழுதான் ஆகியிருந்தது.

*

காரில் பாதி வழி வந்தபோது திடீரென்று பெரியவர் வண்டியை ஓரம் கட்டினார்.

“என்னாச்சு?”

“ஒரு வழி தோணுது.” போனை எடுத்தார். முகத்தில் காலையிலிருந்து இல்லாத தெளிவு. “அந்த ஆஸ்பத்திரிச் சுவர். நான் விலகிக்கறேன். தம்பிக்கு மட்டும் குடுத்துடுங்கன்னு மேடம்கிட்ட சொல்றேன். அவ்வளவு பெரிய சுவர், அவன் பேர்ல. ஊரே பாக்கும். அவனுக்கு நான் பண்ணினதுக்கெல்லாம் ஈடா...”

எண்ணை அழுத்திவிட்டார். மணி அடிக்கத் தொடங்கியது. நல்ல காரியம் செய்கிற நிம்மதியில் இருக்கையில் சாய்ந்தார்.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“அவனைக் கேட்டீங்களா?”

பெரியவர் அவளைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. துண்டிக்கக் கட்டைவிரல் நகர்ந்தபோது அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“சார்! நானே கூப்பிடணும்னு இருந்தேன்.” மேடத்தின் குரலில் ஒரு பரபரப்பு. “இப்பத்தான் தம்பி போன் பண்ணினார். அந்தச் சுவர் விஷயமா. உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னார். அதை நான் உங்ககிட்ட சொல்லலாமா, கூடாதான்னு தெரியல...”

பெரியவரின் நாக்கு நுனியில் நாலைந்து பதில்கள் முட்டி மோதின. எல்லாவற்றையும் விழுங்கினார்.

“சொல்லுங்க மேடம்” என்றார். “நான் கேக்கறேன்.”